ஒளி வந்தது, வழி வரவில்லை!

தோழனே!

நாடகம் எழுதிப் பழகிய கை. எதைச் சொல்ல வந்தாலும் முதலில் ஒரு காட்சியைத்தான் தீட்டும். பொறுத்துக்கொண்டு பார்.

திரை விலகுகிறது. ஊராட்சி மன்ற அலுவலகம். சுவரிலே தலைவர்களின் படங்கள். மூலையிலே கால் ஆடும் மேசை. அதற்கு மேலே சுவரோடு ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குப் பூட்டு. பூட்டின்மேல் தூசு. முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைக் கையில் ஏந்திப் பெரியவர் ஒருவர் நுழைகிறார்.

“ஏன் தம்பி, இது என்ன பெட்டி?”

“அதுவா பெரியவரே? இணையப் பெட்டி. தில்லி சர்க்கார் கொடுத்தது.”

“உள்ளே என்னப்பா இருக்கிறது?”

“ஒளி இருக்கிறது என்றார்கள். கண்ணாடி இழை வழியாக ஒளி ஓடி வருமாம். ஒரு நொடியில் உலகத்தையே இங்கே கொண்டுவந்து கொட்டுமாம்.”

“அடேயப்பா! அப்படியானால் என் மனுவை இங்கேயே பதிந்துவிடு.”

“அதற்கு நீங்கள் பேருந்து ஏறி டவுனுக்குப் போக வேண்டும் பெரியவரே. இந்தப் பெட்டி வேலை செய்யவில்லை.”

“எப்போதிலிருந்து?”

“வந்த நாளிலிருந்து!”

திரை விழட்டும்.

சிரிப்பதற்காகக் கட்டிய காட்சி என்று எண்ணிவிடாதே. உரையாடல் என்னுடையது, பெட்டி என்னுடையதன்று! 2024-ல் நாடகம் போடச் சென்ற ஒரு சிற்றூரில் அந்தப் பெட்டியை என் இரு கண்களாலும் கண்டேன். அன்று மாலை, மேடைக்குப் பின்னே இருந்த மேல்நிலை நீர்த்தொட்டியின் படிக்கட்டில் ஒரு பள்ளிச் சிறுமி, கைப்பேசியை வானத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தாள். “என்னம்மா செய்கிறாய்?” என்றேன். “கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும் அண்ணா, இங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும்” என்றாள். பெட்டி இருந்த இடத்துக்கும் அவள் நின்ற இடத்துக்கும் நூறடி தொலைவுகூட இல்லை. ஒளி நூறடியில் உறங்கிக் கிடக்க, ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்துப் படியேறி நிற்கிறாள்! கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். விட்டவனுக்குத்தான் தெரியும், வாயிற்கதவு சாத்தப்படும் ஓசை எவ்வளவு கொடியது என்பது. அன்றிரவு நாடகத்தில் என் வசனம் எனக்கே ஏறவில்லை.

அந்தப் பெட்டியின் கதையைக் கேள்.

2011-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கிற்று. தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்று அதற்குப் பெயரிட்டனர். நாட்டிலுள்ள சுமார் 2,50,000 ஊராட்சிகளுக்கும் இழை போடுவது. அதற்குச் சுமார் 20,000 கோடி ரூபாய். இரண்டே ஆண்டுகளில் பணி முடியும் என்று பேச்சு! இரண்டாண்டு கழிந்தது, இழை வரவில்லை. 2014-ல் ஆட்சி மாறிற்று. 2015-ல் திட்டத்தின் பெயரும் மாறிற்று: ‘பாரத்நெட்’! பெயர் மாறினால் பிணி தீருமா? முதற் கட்டத்தின் ஓர் இலட்சம் ஊராட்சிகளை எட்டவே 2017 டிசம்பர் ஆயிற்று. 2017 ஜூலையில் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல். 2019 மார்ச்சுக்குள் முடியும் என்றனர். முடியவில்லை.

2020 ஆகஸ்டு 15. செங்கோட்டையின் உச்சியில் நின்று பிரதமர் முழங்கினார்: ஆயிரம் நாட்களில் ஆறு இலட்சம் கிராமங்களுக்கும் கண்ணாடி இழை! கைதட்டல் வானைப் பிளந்தது. தோழனே, நாள்காட்டிக்குக் கட்சி இல்லை. அது எவருக்கும் அஞ்சுவதில்லை. 2023 மே மாதத்தில் ஆயிரம் நாட்கள் முடிந்தன. ஆறு இலட்சம் கிராமங்கள் இணைந்தனவா? இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமைச்சரவை மீண்டும் கூடி, திருத்திய திட்டம் ஒன்றுக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. இடையிலே 2021-ல், தனியாரிடம் ஒப்படைப்போம் என்று 16 மாநிலங்களுக்கு 19,041 கோடி ரூபாயைத் தூண்டிலில் கோத்துப் பார்த்தனர். ஒப்பந்தப்புள்ளி தர ஆளில்லாமல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆதாயம் தெரியாத திசையில் முதலாளியின் கால் நகராது என்ற பாலபாடத்தைக் கற்க இத்தனை காலம்!

ஒரு கட்சியின்மீது மட்டும் பழியைச் சுமத்தி நான் தப்ப விரும்பவில்லை. தொடங்கியவர்களும் தவறினர், தொடர்ந்தவர்களும் தவறினர். நியாயம் பேசுகிறவன் தராசின் இரு தட்டையும் பார்க்க வேண்டும்.

“அரசாங்கம் எதுவுமே செய்யவில்லையா?” என்று கேட்பாய். செய்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் ‘சேவைக்கு ஆயத்தம்’ என்று அரசுக் கணக்கிலே காட்டப்பட்டுள்ளன. அந்தச் சொல்லைச் சற்று உற்றுப் பார். அடுப்பு மூட்டியாயிற்று, அரிசி களைந்தாயிற்று, உலையும் ஏற்றியாயிற்று. விருந்து ஆயத்தம்! ஆனால் பந்தியில் அமர்ந்தவன் இலையில் சோறு விழுந்ததா? அந்தக் கேள்விக்கு ‘ஆயத்தம்’ என்ற சொல்லில் விடை இல்லை.

ஏன் இந்த நிலை? மூன்று காரணங்களைச் சொல்கிறேன், மனத்திலே இருத்திக்கொள்.

முதற் காரணம், வழி பாதியில் நின்றது. தலைமயிர் அளவே பருமனுள்ள கண்ணாடி இழை. அதனுள்ளே ஒளி சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி, வெளியேறாமல் ஓடும். தூய கண்ணாடியால் செய்தால் செய்தியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966-ல் எழுதிக் காட்டினார் சார்லஸ் காவோ. 2009-ல் அவரைத் தேடி நோபல் பரிசு வந்தது. அத்தகைய அரிய இழையை நம்மவர்கள் வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை இழுத்து வந்து, அங்கே முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டனர். அங்கிருந்து பள்ளிக்கு? துணை சுகாதார நிலையத்துக்கு? உன் வீட்டுக்கு? அதற்கு முதலில் திட்டமே தெளிவாக இல்லை. வாய்க்காலை வயல் வரப்பு வரை வெட்டிவிட்டு மடை திறக்க மறந்த கதை!

இரண்டாம் காரணம், இழையைப் போட்ட முறை. முதலில் ஒரே கோடாக, ஊருக்கு அடுத்து ஊர் என்று கோத்தனர். மாலையில் ஒரு முடிச்சு அறுந்தால் அதற்குப் பின்னுள்ள பூக்கள் அத்தனையும் உதிருமல்லவா? சாலையை அகலப்படுத்த வந்த இயந்திரம் ஓரிடத்தில் இழையைத் துண்டித்தால், அதற்கப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருளில்! இப்போதுதான், 2023-ன் திருத்திய திட்டத்தில், வளையமாகக் கோப்போம் என்கின்றனர். வளையமானால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றி வந்து சேரும். நல்லது, பாராட்டுவோம். ஆனால் இந்த அறிவு வரப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்றே!

மூன்றாம் காரணம், பேணுவார் இன்மை. போடுகிறவனுக்கு ஒப்பந்தம் இருந்தது. பழுது பார்ப்பவனுக்குப் பொறுப்பு இருக்கவில்லை. மின்கலம் செத்தால் யாரிடம் சொல்வது? சாவி யாரிடம் இருக்கிறது? குழந்தையைப் பெற்றுத் தொட்டிலில் இட்டுவிட்டுப் பால் கொடுக்க ஆளில்லாமல் போவதை என்னென்பது!

பணம் யாருடையது என்பதையும் தெரிந்துகொள். வானத்திலிருந்து விழுந்ததன்று. 2003-ல் தந்திச் சட்டத்தைத் திருத்தி, அனைவருக்கும் தொலைத்தொடர்பு சென்றடைவதற்கென ஒரு நிதியம் அமைத்தனர். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு அதற்குத் தீர்வையாகச் சென்றது. நிறுவனத்தின் வருவாய் எங்கிருந்து வந்தது? நீ பேசிய பேச்சிலிருந்து, உன் தாய் வெளியூரில் இருக்கும் மகனிடம் “சாப்பிட்டாயா ராசா?” என்று கேட்ட கேள்வியிலிருந்து! நம் அன்பின்மீது விதித்த வரியில் வந்த பணம் அது. அதற்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இங்கே சில மேதாவிகள் குறுக்கிடுவர். “ஊருக்கு ஊர் கைப்பேசி வந்துவிட்டது, வீதிக்கு வீதி கோபுரம் நிற்கிறது, இன்னும் எதற்குக் கம்பியும் இழையும்?” என்பர். அவர்களுக்குச் சொல்: கோபுரம் தானாகப் பேசாது, அதன் காலடிக்கும் இழை வந்தால்தான் அதன் நாக்கு வேகமாகப் புரளும். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அது தந்தையோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை எதைக் கொண்டு படிப்பது? 2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு என்ன கண்டது? நகரத்தில் நூறு வீடுகளில் 42 வீடுகளுக்கு இணைய வசதி. நாட்டுப்புறத்தில் 15 வீடுகளுக்கும் சற்றுக் குறைவு! அந்த நிலையிலேதான் 2020-ல் பெருந்தொற்று வந்தது, பள்ளிகள் மூடின, பாடம் திரைக்குள் போயிற்று. மரக்கிளையில் ஏறி அமர்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளை நாடே பார்த்தது. குருகுலத்தில் மரத்தடி, நம் காலத்தில் மரக்கிளை. இதுவா வளர்ச்சி?

படிப்பு மட்டுமன்று, கூலியும் திரைக்குள் போயிற்று. 2023 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலைத் தலங்களில் எல்லாம் கைப்பேசிச் செயலியில் நாளைக்கு இருமுறை படமெடுத்து ஏற்றித்தான் வருகை பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினர். சிக்னல் எட்டாத இடத்தில் மண்வெட்டி பிடித்த கை என்ன ஆகும்? வெட்டிய மண் சாட்சி சொல்லாது. சிந்திய வியர்வை சாட்சி சொல்லாது. ஏறாத படம் ‘இவள் வரவில்லை’ என்று பொய்ச்சாட்சி சொல்லும்! இணையம் தராமலே இணையத்தைக் கட்டாயமாக்குவது, பாலம் கட்டாமலே ஆற்றுக்கு அக்கரையில் நியாய விலைக்கடை வைப்பதற்கு ஒப்பாகும்.

“இயலாத காரியம், இலாபமில்லாத காரியம்” என்று சோர்வு பேசுவோர்க்கும் விடை உண்டு. 1935-ல் அமெரிக்காவில் பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். கம்பி இழுத்தால் ஆதாயமில்லை என்று கம்பெனிகள் கைவிரித்தன. ரூஸ்வெல்ட்டின் அரசு நாட்டுப்புற மின்மயத்துக்கெனத் தனி அமைப்பை நிறுவி, உழவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்தது. உழவர்களே கம்பம் நட்டனர். இருபது ஆண்டுக்குள் பெரும்பாலான பண்ணைகளில் விளக்கு எரிந்தது. இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரில், 2011-ல், நிறுவனங்கள் எட்டிப் பாராத சிற்றூர் மக்கள் தமக்குள் பங்குப்பணம் திரட்டி, தம் வயல்களில் தாமே பள்ளம் தோண்டி இழை போட்டனர். அயல்நாடு ஏன்? ஆந்திரத்தில் மண்ணைத் தோண்டிக் காத்திராமல் மின்கம்பங்களின் மீதே இழையைக் கட்டிச் சென்றனர். 2017-ல் மாதம் 149 ரூபாய்க்கு இணைப்புத் தந்தனர். கேரளத்தில், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019-ல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2023 ஜூனில், 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணையம் என்ற இலக்கோடு அரசே தன் வலையமைப்பைத் தொடங்கிற்று. முதலில் எட்டியது 14,000 வீடுகளைத்தான். இலக்கு எங்கே, எட்டியது எங்கே என்று அங்கும் கேட்கத்தான் வேண்டும்.

நம் தமிழகம்? 2018-ல் இதற்கெனக் கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஒன்றை மாநிலம் அமைத்தது. இலக்கு 12,525 ஊராட்சிகள். 2020-ல் ஒப்பந்தப்புள்ளி ரத்தாயிற்று, மறுபடி கோரப்பட்டது, 2022-ல்தான் பணி தொடங்கிற்று. ஒப்பந்தப்புள்ளிச் சண்டையில் ஓடிய காலத்தில், பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்துவிட்டது. திட்டத்துக்குக் கால நீட்டிப்பு உண்டு. பிள்ளையின் பருவத்துக்குக் கால நீட்டிப்பு உண்டா?

இனி நம்மைப் பற்றி. இதுவரை படித்து மகிழ்ந்த தோழனே, இங்கே சற்றுக் கசக்கும், விழுங்கு. மேடையேறி ‘இணையம் மக்களின் உரிமை’ என்று முழங்குகிறோம், நானும் முழங்கியிருக்கிறேன். ஆனால் நம் ஊர் அலுவலகத்துப் பெட்டியில் விளக்கு எரிகிறதா, எரியவில்லையா என்று எட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நான் நாடகம் போட்ட ஊரிலும் நம் கிளை இருக்கிறது. கொடிக்கம்பம் வானளாவ நிற்கிறது. கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசியவன் பெட்டியின் தூசைத் துடைக்கவில்லையே!

ஆகவே உனக்கு மூன்று வேலைகள். ஊராட்சி அலுவலகத்துக்குப் போ, பெட்டியைப் பார், எப்போது வந்தது, எப்போது நின்றது, சாவி யாரிடம் என்று எழுதி வை. விடை கிடைக்கவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் பதில் கேட்கலாம். இரண்டாவது, ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று வரும் கிராம சபைகளை வெறும் கையெழுத்துச் சடங்காக விட்டுவிடாதே. பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் நூலகத்துக்கும் இழையை நீட்டுக என்று தீர்மானம் போடச் சொல். மூன்றாவது, பெட்டி உயிர் பெற்றதும் ஓய்ந்துவிடாதே. மாலையில் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார். பெரியவரின் விண்ணப்பத்தைப் பதிந்து கொடு. மாணவிக்குக் கல்லூரிப் படிவத்தைத் திறந்து காட்டு. நாளேட்டை ஒருவர் உரக்கப் படிக்க, ஊரே சுற்றியமர்ந்து கேட்ட படிப்பகங்களில் வளர்ந்த நாடு இது. அன்று ஏடு, இன்று இழை. கற்பிக்கும் கடமை மட்டும் மாறவில்லை.

அந்தச் சிறுமியின் விண்ணப்பம் அன்றிரவு போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ஊர் திரும்பும் அவசரத்தில் கேட்க மறந்தேன். அந்த மறதிக்கு நான் கட்டும் அபராதம்தான் இந்தக் கட்டுரை. உன் ஊர் நீர்த்தொட்டிப் படியிலும் ஒருத்தி நிற்கக்கூடும். இன்று ஞாயிறு, அலுவலகம் மூடியிருக்கும். நாளைக் காலை பத்து மணிக்குப் போ, தோழனே. பெட்டியைத் திறக்கச் சொல்!