புறப்படுவதற்கு முதல் நாள்

பட்டர்வொர்த்துக்கு மறுநாள் காலை ரயில். அதற்காக அலுவலகத்தில் ஒரு நாள் முன்னதாகவே விடுப்பு எடுத்திருந்தேன். காலையில் துணி துவைத்துப் பெட்டி அடுக்கிவிட வேண்டும், மதியம் குட்டித் தூக்கம், மாலையில் சின்னவனுக்கு முடிவெட்டு. இதுதான் திட்டம். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ரவாங்கில் இருப்பவர்கள் தைப்பூசத்துக்குப் பினாங்கு போவதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். பத்துமலை அரை மணி நேரத் தூரம். ஆனால் என் மாமியார் பினாங்குக்காரர். ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி ரவாங்குக்கு வந்தவர். கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதத்தைப் பார்த்துப் பதினோரு வருடமாகிறது. போன வருடம் முட்டியில் அறுவை சிகிச்சை. "நடக்க முடியறப்பவே ஒரு தடவை பார்த்துடணும்மா" என்றார். அத்தை வாய்விட்டு எதையும் கேட்பவர் இல்லை. உடனே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ரதம் புறப்படுவது தைப்பூசத்துக்கு முந்திய நாள் விடியற்காலையில். அதற்கு முதல் நாளே நாங்கள் பினாங்கில் இருக்க வேண்டும். ரயிலை விட்டால் ரதமும் போச்சு.

காலை பத்து மணிக்குத் துணி துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்றது. வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. மெயின் சுவிட்சை மேலே தள்ளினால் உடனே 'டப்' என்று கீழே விழுகிறது. எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது. ஆக, தொல்லை நம் வீட்டில் மட்டும்தான். இயந்திரத்தின் கதவோ பூட்டிக்கொண்டது. ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய அத்தனை துணியும் சோப்புத் தண்ணீரோடு உள்ளே. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒயர்மேன் வரும்வரை இருட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த நாட்டில் மின்சாரத்தை முதலில் பயன்படுத்திய ஊர் என்று ரவாங்கைத்தான் சொல்வார்கள். 1894இல் கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் எந்திரங்களுக்காக இங்கே மின்னாக்கியை வைத்தார்கள். பத்துமலை முருகன் கோயிலைத் தொடங்கிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். காரைக்குடியில் செய்த வெள்ளி ரதத்தை நகரத்தார்கள் கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவந்ததும் அதே 1894தான். இதை அத்தையிடம் சொன்னேன். "அப்ப வந்த கரண்டு இன்னிக்குத்தான் போகணுமா?" என்றார்.

ஒயர்மேன் இரண்டு மணிக்கு வந்தார். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் பழைய மின்கெட்டிலைத் தூக்கிக் காட்டினார். நான்கு மணி நேரம் ஒரு கெட்டிலுக்காக! இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டுத் துணியைக் கொடியில் போட்டதும் மழை கொட்டியது. ரவாங்கில் மூன்று மணிக்கு மழை வரும் என்று தெரியாதவள் போல நானும் போட்டிருக்கிறேன் பாருங்கள். துணியையெல்லாம் இரண்டு வாளியில் அள்ளிக்கொண்டு காசு போடும் டோபிக்குப் போகலாம் என்றால், கார் கிளம்பவில்லை. பேட்டரி. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தான். முடிவெட்டு அதோடு போச்சு.

துணி காய்ந்து வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. வாசலில் கால் வைக்கிறேன், மாடிப்படியில் தடதடவென்று ஒரு சத்தம். ரதத்துக்கு உடைக்க அத்தை மூன்று தேங்காய் எடுத்து வைத்திருந்தார். பினாங்கில் வீதி வீதியாகத் தேங்காய் மலை குவிந்திருக்கும், இங்கிருந்து எதற்கு என்றால் கேட்கமாட்டார். அதில் ஒன்று பையிலிருந்து நழுவிப் பத்துப் படி உருண்டு, நடுக்கூடத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சகுனம் என்று ஏதாவது சொல்லப்போகிறாரோ என்று அத்தையின் முகத்தைப் பார்த்தேன். "பிள்ளையாருக்கு ஆச்சு" என்றபடி துடைப்பத்தை எடுக்கப் போனார்.

இதுவரை நடந்ததை எல்லாம் ஊருக்குப் போனதும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அடுத்தது அப்படியில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அடையாள அட்டைகளை எடுத்து வைக்கும்போது சின்னவனின் மைகிட்டைக் காணோம். அவனுக்கு எட்டு வயது. சிறுவர் கட்டணத்தில் எடுத்த டிக்கெட், கேட்டால் அட்டையைக் காட்ட வேண்டும். அலமாரி, மேசை, அவன் பென்சில் பெட்டி எல்லாவற்றையும் கொட்டியாயிற்று. போன மாதம் அந்த இளஞ்சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு அவன் போலீஸ் விளையாட்டு விளையாடியது ஞாபகம் வந்தது. "எங்கேடா போட்டே?"

"நான் எடுக்கலம்மா."

"பொய் சொல்லாதே. உன்னாலதான் பாட்டி ரதம் பார்க்க முடியாமப் போகப்போகுது."

சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, சொல்லியிருக்கக்கூடாது என்று. ஆனாலும் நிறுத்தவில்லை. காலையிலிருந்து கெட்டில்மேலும் மழைமேலும் பேட்டரிமேலும் வந்த கோபமெல்லாம் அவனிடம் போனது. அவை திருப்பிப் பேசாது. அவனும் பேசவில்லை.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "டிக்கெட் வாங்கினப்ப அட்டை நம்பரை எங்கிருந்து பார்த்துப் போட்டே?" என்றார்.

அலுவலகத்திலிருந்து. மதிய உணவு நேரத்தில்.

என் அலுவலகப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். பழைய ரசீதுகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

அவனைத் தேடிப் போனேன். அத்தையின் அறையில் தரையில் உட்கார்ந்து, தன் பள்ளிப் பையை மறுபடியும் கவிழ்த்து, ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து உதறிக்கொண்டிருந்தான். "இது மூணாவது தடவை. சாப்பிடவும் வரமாட்டேங்கிறான்" என்றார் அத்தை. என்னைக் குற்றம் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து கையை நீட்டி அவனுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைக் காட்டினேன். "அம்மா பையிலதான் இருந்துச்சு. தப்பு என்மேலதான். நீ எடுக்கலைன்னு சொன்னதை நான் நம்பியிருக்கணும்."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தான்.

"அப்ப பாட்டி ரதம் பார்க்கலாமா?"

"பார்க்கலாம்."

"அட்டையைப் பாட்டிகிட்ட குடுத்துடுங்கம்மா. நீங்க தொலைச்சிடுவீங்க."

கொடுத்துவிட்டேன். அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் ரயில் ஈப்போவைத் தாண்டும்போது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். படியில் உருண்ட தேங்காய் சட்னியாகி வந்திருந்தது. அவன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.