'மதர்போட் போயிட்டுது' என்று சொல்ல முதல்

கலைப்பீடத்தில் ஒரு லப்டொப் ஒன் ஆகவில்லை என்றால் அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் சுத்தி நின்று பவர் பட்டனை மாறிமாறி அமத்துவினம். பிறகு தொழில்நுட்பப் பீடத்துப் பெடியன் யாருக்காவது கோல் போகும். அவன் லெக்சரில் இருந்தால் நேரே கடை. கடையில் மூடியைக் கழட்ட முதலே தீர்ப்பு வந்துவிடும்: "மதர்போட் போயிட்டுது தங்கச்சி." சொல்கிற விலையில் பாதி லப்டொப் வாங்கலாம். ஆய்வேடு உள்ளே கிடக்கு என்றால் "பாப்பம்" என்பார்கள். கடைசியில் ஒரு துண்டில் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

கடைக்காரர் எல்லாரும் ஏமாத்துகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களுக்கு எங்கட பக்கத்திலிருந்து கிடைப்பது "ஒன் ஆகுதில்லை" என்ற ஒரே வசனம்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொன்னால் டொக்டர் என்ன செய்வார்? ஒரு கொம்பியூட்டர் கிளம்புகிற பாதையில் எந்த இடத்தில் நிக்குது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கக் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை.

லைட்டும் இல்லை, ஃபான் சத்தமும் இல்லை என்றால் கரண்ட் வருகிற வழியைப் பாக்கவேண்டும். வேறு சுவர்ப் பிளக்கில் போட்டுப் பாருங்கள். எங்கட 13 அம்பியர் பிளக்குக்குள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கு, அதுவும் போயிருக்கலாம். அறைத்தோழியின் சார்ஜரை மாத்திப் பாக்கலாம். ஆனால் பின் பொருந்தினால் மட்டும் போதாது. லேபிளில் வோல்ட் ஒரே அளவாக இருக்கவேண்டும், அம்பியர் குறையக்கூடாது. அதுக்கும் அசையாவிட்டால் சார்ஜரைக் கழட்டி, கழட்டக்கூடிய பற்றரி என்றால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடித்துவிட்டுத் திரும்பக் குடுங்கள். கேக்க மந்திரம் மாதிரி இருக்கும். உள்ளே மிஞ்சிக் கிடக்கிற மின்னேற்றம் வடிந்தால் சில மெஷின்கள் எழும்பிவிடும். டெஸ்க்டொப்பில் பின்பக்கச் சுவிட்சையும் பாக்க மறக்கவேண்டாம். ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது. பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ளே ஷொக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தேங்கி நிக்கும்.

லைட் வருது, ஃபான் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. 'போட் போயிட்டுது' என்ற தீர்ப்பை அவசரப்பட்டுக் குடுக்கிற இடம் இதுதான் என்று எங்களுக்குப் படுகிறது. கப்ஸ் லொக்கை அமத்துங்கள். அதின் லைட் பத்தி அணைந்தால் மெஷின் பெரும்பாலும் உயிரோடதான் இருக்கு. போன் டோர்ச்சைச் சரிவாகப் பிடித்தால் ஸ்கிரீனில் மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியென்றால் பின்வெளிச்சம்தான் போயிருக்கு. லெக்சர் ஹோல் புரொஜெக்டரில் மாட்டினால் படம் வருதா? வந்தால் பழுது ஸ்கிரீனில் அல்லது அதுக்குப் போகிற வயரில். எதுவுமே வராவிட்டால் அடுத்த சந்தேகம் ராம். கரண்டைத் துண்டித்துவிட்டு ராமைக் கழட்டித் துடைத்து இறுக்கிப் போட்டாலே எத்தனையோ மெஷின் எழும்பும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாக்கலாம்.

சில மெஷின்கள் பீப் அடிக்கும். திரையில் படம் வரமுதலே கொம்பியூட்டர் தன்னைத்தானே சோதிக்கிறது. அந்த நேரத்தில் குறை கண்டால் சத்தம் போட்டுத்தான் சொல்லமுடியும். எத்தனை நீளம், எத்தனை குறுக்கம் என்பதுக்கு ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கு. எண்ணிக்கொண்டு போனில் தேடினால் சரி. யாப்பில் குறில் நெடில் பாத்து அசை பிரிக்கத் தெரிந்த எங்களுக்கு இதென்ன பெரிய வேலை!

லோகோ வந்து, பிறகு 'டிஸ்க் இல்லை' என்று எழுத்து வந்தால் போட், ராம், ஸ்கிரீன் மூன்றும் வேலை செய்யுது என்று எடுத்துக்கொள்ளலாம். பயோசுக்குள் போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் விண்டோஸ் பக்கத்துப் பிரச்சினை. தெரியாவிட்டால் டிஸ்க் அல்லது அதின் தொடுப்பு. பழைய ஹாட் டிஸ்க் டக் டக் என்று அடித்தால் உடனே நிப்பாட்டுங்கள். திரும்பத் திரும்ப ஒன் பண்ணினால் உள்ளே இன்னும் கீறல் விழலாம். அதேநேரம் போட் உண்மையிலேயே போனாலும் ஆய்வேடு போகவேண்டியதில்லை. பெரும்பாலான லப்டொப்பில் டிஸ்க் தனியாகக் கழரும், அதை இன்னொரு மெஷினில் மாட்டி எடுக்கலாம். சில மெல்லிய மொடல்களில் அது போட்டோடேயே ஒட்டி வரும். பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புக் குறியீடும் வேணும். உங்கட லப்டொப் எந்த வகை என்று இண்டைக்கே பாத்து வையுங்கள்.

இனிப் பாஸ்வேர்ட். விண்டோஸ் வரமுதலே நிக்கிற மெஷினில் பழுதைக் கண்டுபிடிக்கப் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. ராமும் பவர் சப்ளையும் பாஸ்வேர்ட் கேப்பதில்லை. திருத்தின பிறகு சரிபாக்கவேண்டும் என்றால் கடைக்குப் போய் நாங்களே அடித்துக் குடுக்கலாம். பெண்பிள்ளைகளின் படங்கள் பற்றிய பயத்தை எல்லாரும் அறிவோம். அதைவிடக் கலைப்பீடத்தில் நாங்கள் சுமக்கிறது வேறும் இருக்கு. காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற ஒரு அம்மா எங்களை நம்பிக் கதைத்த ஒலிப்பதிவு அந்த டிஸ்கில்தான் கிடக்கு. முகம் தெரியாத ஒருவரின் மேசையில் அதை ஒரு கிழமை விட்டு வைக்க அவ அனுமதி தரவில்லை. டிஸ்கைக் கழட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குடுங்கள்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டின பிறகு புது லப்டொப் என்பது பல வீடுகளில் அடகுக் கடையோடு சம்பந்தப்பட்ட கதை. போட்டில் மின்சாரம் அளந்து சொல்டர் பிடிக்கிறது கடைக்காரரின் வேலை, அதில் நாங்கள் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் "சார்ஜர் மாத்திப் பாத்தம் அண்ணா, கப்ஸ் லொக் வேலை செய்யுது, புரொஜெக்டரில படம் வருது" என்று சொல்லிக்கொண்டு போகிறவளிடம் மதர்போட் விலை சொல்ல அவர் கொஞ்சம் யோசிப்பார்.

கலைப்பீடத்துக் கொம்பியூட்டர் வகுப்பில் வேர்டும் எக்செலும் படிப்பிக்கிறார்கள், நல்லது. அதோடு ஒரே ஒரு பின்னேரம் கேக்கிறோம். ஸ்டோரில் தூசு பிடித்துக் கிடக்கிற பழைய டெஸ்க்டொப்பில் ஒன்றையும் ஒரு ஸ்குரூ டிரைவரையும் மேசையில் வையுங்கள். மிச்சத்தை நாங்கள் கழட்டிப் பாக்கிறோம்.