துக்கக்காரர் ஆடலாமா?

மே மாதம் நெருங்கினால் எங்கள் ஆட்களிடையே ஒரு வழக்கு தவறாமல் தொடங்கும். "சனம் செத்துப்போச்சு, இவங்களுக்கு ஆட்டம் கேக்குதோ?" என்று ஒரு பக்கம். "எத்தினை வருசத்துக்கு அழுறது?" என்று மறுபக்கம். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெள்ளைக்காரக் குழுவின் அல்பம். நியூ ஓடர் 1989 ஜனவரியில் வெளியிட்ட 'ரெக்னீக்'.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மன்செஸ்டரில் ஜோய் டிவிஷன் என்றொரு குழு இருந்தது. இருண்ட, கனத்த பாட்டுகள். அதன் பாடகர் இயன் கேர்ட்டிஸ் 23 வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். நாள், 1980 மே 18. (ஓம், அதே திகதிதான். எங்களுக்கு அது 29 வருடம் கழித்து வந்தது.) மிஞ்சிய மூவரும் ஜிலியன் கில்பேர்ட் என்ற பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, பெயரை மாற்றி, சிந்தசைசரும் டிரம் மெஷினுமாக 1983இல் 'புளூ மன்டே' பாட்டைப் போட்டார்கள். உலகம் ஆடியது.

1988இல் அடுத்த அல்பத்துக்காக ஸ்பெயினின் இபிசாத் தீவுக்குப் போனார்கள். அசிட் ஹவுஸ் என்ற நடன இசை இரவிரவாக முழங்கிய கோடை அது. அங்கே ஒலிப்பதிவைவிட ஆட்டமே அதிகம் நடந்தது. மிச்சத்தை இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து, பீற்றர் கேப்ரியலின் ஸ்ரூடியோவில் முடித்தார்கள். பிரித்தானியத் தரவரிசையில் அவர்களுக்கு முதல் தடவையாக முதலிடம் கிடைத்தது.

முதல் பாட்டான 'ஃபைன் டைம்' முழுக்க முழுக்க டான்ஸ்தான். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து கேளுங்கள். கிற்றார் வரும். பீற்றர் ஹுக்கின் பேஸ் கிற்றார் மெட்டையே தூக்கிக்கொண்டு போகும். பாடுபவரின் குரலோ முறிந்துபோன உறவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். கால் ஆடும், நெஞ்சு கனக்கும். இவர்கள் துக்கத்தை மறந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. துக்கத்தோடு நடக்க ஒரு தாளத்தைக் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

"அது ஒரு தனி மனிதனின் சாவு, எங்களுடையது ஓர் இனத்தின் அழிவு" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நியாயம்தான். அப்படியென்றால், செட்டியார்மார் வட்டிக்கடை நடத்திய ரங்கூனுக்கு, இன்றைய யாங்கோனுக்கு, வாருங்கள்.

நியூ ஓடர் இபிசாவுக்குப் போன அதே 1988இல், ஓகஸ்ட் 8ஆம் திகதி அங்கே சனம் வீதிக்கு இறங்கியது. இராணுவம் சுட்டது. அந்த நாட்களில் நைங் மியன்மார் என்பவர் ஒரு பாட்டுக் கட்டினார். 'கபா மக்யே பூ' என்று பெயர். உலகம் அழியும்வரை எங்கள் மனம் ஆறாது என்பது பொருள். மெட்டு அவருடையதல்ல. கன்சாஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாட்டின் மெட்டு. இரவல் மெட்டில் சொந்தத் துக்கம்! 2021 பெப்ரவரியில் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, யாங்கோன் வீதிகளில் இளம் பெடியளும் பெட்டையளும் பாடியது அதே பாட்டைத்தான்.

அவர்களுடைய புதுவருடமான திஞ்ஞான் எங்கள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். வீதியோரம் மேடை கட்டி, டான்ஸ் மியூசிக்கை அலறவிட்டு, நனைந்து நனைந்து ஆடுவார்கள். 2021 ஏப்ரலில் அந்தக் கொண்டாட்டத்தைச் சனம் புறக்கணித்தது. 2022இல் நாடு வழமைக்குத் திரும்பிவிட்டது என்று காட்ட ஆட்சியாளர்களே மேடை போட்டு ஆடக் கூப்பிட்டார்கள். பெருவாரியான சனம் போகவில்லை.

வீதியில் சேர்ந்து பாடிய அதே சனம்தான் அந்த மேடைக்கு ஆடப் போகவில்லை. பாட்டோ ஆட்டமோ அவர்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. யார் ஆடச் சொல்கிறான், எதை மறைக்க ஆடச் சொல்கிறான் என்பதுதான் பிரச்சினை.

பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். மே 18 அன்று விளக்கேற்றி அமைதியாக இருப்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உலகத்துக்குக் காட்ட எவனாவது எங்கள் மண்ணில் மேடை போட்டால், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பதும் என் கட்சிதான். ஆனால் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ பிறந்த ஒரு பிள்ளை டிசம்பரில் தன் சிநேகிதரோடு ஆடினால், "இதுகள் எல்லாத்தையும் மறந்திட்டுதுகள்" என்று தீர்ப்பு எழுத நாங்கள் யார்? அந்தப் பிள்ளை எந்தத் தாளத்தில் எங்கள் துக்கத்தைக் காவப்போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஒப்பாரி மட்டும்தான் நினைவு என்று அடம்பிடித்தால், ஒப்பாரி பாடத் தெரிந்த கடைசி ஆளோடு நினைவும் போய்விடும்.