ஷின்-சான் குறும்பு பிள்ளைகளைக் கெடுக்குமா?

போடிநாயக்கனூர் வீடுகளிலும் ஒரு ஜப்பான் பையன் குடியேறிவிட்டான். அவனுக்கு வயது 5. பெயர் ஷின்-சான். டெலிவிஷனில் அவன் தமிழ் பேசுகிறான்! அம்மாவைக் கேலி செய்கிறான். அப்பாவை எதிர்த்துப் பேசுகிறான்.

"இதைப் பார்த்துத்தான் பிள்ளை வாயாடுகிறான்" என்கிறார்கள் பாட்டிமார்கள்.

"சும்மா சிரிப்புக்குத்தானே!" என்கிறார்கள் பிள்ளைகள்.

யார் சொல்வது சரி?

யார் இந்தப் பையன்?

யோஷிட்டோ உசுய் என்ற ஜப்பானிய ஓவியர் 1990-ம் ஆண்டு இந்தப் படக்கதையை வரையத் தொடங்கினார். 1992-ல் அது கார்ட்டூன் படமாக டெலிவிஷனுக்கு வந்தது. 2009-ம் ஆண்டு மலை ஏறப் போன இடத்தில் உசுய் தவறி விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 51. அவர் படைத்த பையனுக்கோ இன்னும் வயது 5-தான்!

டெலிவிஷன் கதைகளில் பெரும்பாலும் அரக்கன் கிடையாது. ராஜகுமாரி கிடையாது. டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபே என்ற ஊர். அங்கே ஒரு சின்ன வீடு. தகப்பனார் ஹிரோஷி ஆபீஸ் வேலைக்குப் போகிறார். தாயார் மிசாயே வீட்டைப் பார்க்கிறாள். ஒரு கைக்குழந்தை. ஒரு வெள்ளை நாய். பையன் குடைமிளகாய் தின்ன மாட்டான். அம்மா அதட்டுவாள். அவன் ஏதாவது சொல்வான். மண்டையில் குட்டு விழும். வீங்கிய மண்டையோடு மறுபடியும் சிரிப்பான். அவ்வளவுதான் கதை!

2025-ம் ஆண்டு ஜப்பானில் வெளியான சினிமாப் படத்தில் அவன் இந்தியாவுக்கே வந்துவிட்டான்.

அரசாங்கத் தடை

இந்தியாவில் 2006-ல் இந்தக் கார்ட்டூன் தொடங்கியது. 2008-ல் மத்திய அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. சில காட்சிகளை வெட்டிய பிறகு 2009-ல் மறுபடியும் வந்தது.

ஜப்பானிலும் இதே கதைதான். 'பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சி எது?' என்று அங்கே பெற்றோர்-ஆசிரியர் சங்கம் கேட்டபோதெல்லாம், பல ஆண்டுகள் ஷின்-சானும் முன்வரிசையில் வந்தான்!

ஆகவே பாட்டிமார்களின் பயம் வீண் பயம் அல்ல. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உசுய் இந்தக் கதையைப் பெரியவர்கள் படிக்கும் வாரப் பத்திரிகையில்தான் வரைந்தார்.

பெரியவர் பார்த்தால் என்ன தெரியும்? வீட்டுக் கடன் அடையாத தகப்பன் தெரிவான். களைத்துப்போன தாய் தெரிவாள். குழந்தை பார்த்தால் குறும்பு மட்டும்தான் தெரியும். மற்றதை எடுத்துச் சொல்ல, பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும்.

பக்கத்தில் யார்?

போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல வீடுகளில் தாய்மார்கள் காலையிலேயே ஜீப் ஏறிவிடுகிறார்கள். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்கள். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கிறது. பகல் முழுவதும் குனிந்தும் குத்துக்காலிட்டும், விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். மாலையில் அதே 17 வளைவுகளையும் இறங்கி வந்து அடுப்பு மூட்ட வேண்டும்.

அதுவரை பிள்ளை அம்மாச்சி வீட்டில். அம்மாச்சிக்கு முழங்கால் வலி. பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைப்பது டெலிவிஷன்தான். இதில் தாயைக் குறை சொல்ல முடியுமா? அம்மாச்சியைக் குறை சொல்ல முடியுமா? முடியாது!

பெட்டியை அடைத்துவிட்டால் தீருமா? தீராது. பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பான். இல்லாவிட்டால் செல்போனில் பார்ப்பான்.

8 நிமிஷம் போதும்

ஷின்-சான் கதை ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிஷம்தான் ஓடும். உலை கொதிக்கும் நேரத்தில் தாய் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரே ஒரு கதை பார்க்கலாம். பார்த்தால் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்!

ஏன் தெரியுமா? ஷின்-சான் காலையில் எழுந்திருக்க மாட்டான். பள்ளிக்கூட பஸ் போய்விடும். மிசாயே அவனைச் சைக்கிளில் வைத்து மூச்சு வாங்க மிதிப்பாள். ஜீப்புக்கு நேரமாயிற்று என்று தூக்குவாளியோடு ஓடும் போடித் தாய்க்கு அந்த ஓட்டம் தெரியாதா?

அப்போது பிள்ளையிடம் கேட்கலாம்: "அந்த அம்மா ஏன்டா கத்துறா?" முதல் நாள் பிள்ளை முழிப்பான். நாலு நாள் போனால், "பாவம், அவளுக்கு அலுப்பு" என்பான். அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளை, தன் தாயிடம் எதிர்த்துப் பேசுமுன் கொஞ்சம் யோசிப்பான்.

பெரியவர்களை மரியாதை இல்லாமல் பேசும் காட்சி வந்தால், "அது தப்பு" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர்தான் அதைச் சொல்ல முடியும். தடையுத்தரவு சொல்லாது.

தகப்பனாரும் உட்காரலாம். ரிமோட்டைப் பிடுங்குவது மட்டும் அவர் வேலை அல்ல. ஹிரோஷியும் ஆபீசில் அலுத்துத்தான் வீட்டுக்கு வருகிறார். ஆனாலும் பிள்ளையோடு கூத்தடிக்கிறார்!

கசுகாபே வீட்டில் எத்தனை சண்டை வந்தாலும், நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஷின்-சானைப் பார்த்துப் பிள்ளைகள் கேலிப் பேச்சைக் கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்கள் அந்தச் சாப்பாட்டு நேரத்தைக் கற்றுக்கொள்ளட்டும்!