ஏறுமா, எத்தனை மார்க்?

குடிக்கிற பண்டத்தை மதிப்பிட நம்மிடம் இன்று புழங்குகிற வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான்: ஏறுவது. ஏறுமா, ஏறிற்றா, எவ்வளவில் ஏறிற்று? தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தக் கடை வாசலில் நின்று கேட்டாலும் விமர்சனம் இந்த மூன்று கேள்விகளுக்குள் முடிந்துவிடும். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன் காசு கொடுத்து வாங்குவது மறதியை. மறதிக்கு அளவுகோல் ஏற்றம்தான். எனக்கு ஆட்சேபம், அதே அளவுகோலைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு ரஸனை பேசுகிற என் சகாக்களிடம்.

விஷயம் சின்னது. இங்கிலாந்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், அங்கே ஒரு சிறு ஆலையில் காய்ச்சிய பேல் ஏல் என்கிற பீர் வகையில் சில டின்கள் கொண்டுவந்தார். ஆல்கஹால் 2.8 சதவீதம். சேலையூரில் ஒரு மொட்டை மாடியில் நாலு பேர் குடித்தோம். நாலு பேரும் எழுதுகிறவர்கள். ஒருவர் முதல் மடக்கிலேயே ‘தண்ணி’ என்று தீர்ப்பளித்துத் தம்ளரைக் கவிழ்த்தார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்து, ‘கிரேப்ஃப்ரூட், பைன், பிஸ்கட்’ என்று மூன்று சொற்களைப் பதிந்து, ஐந்துக்கு மூன்றே முக்கால் போட்டார். மூன்றாமவர் இருவரையும் ஆமோதித்தார். முதல் இரண்டு தீர்ப்புகளும் நேர் எதிரானவை என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஒரே சோம்பேறித்தனம் போட்ட இரண்டு வேஷங்கள் அவை என்பது என் கட்சி.

முதலில் ‘தண்ணி’. 650 மில்லி புட்டியில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் சுத்த ஆல்கஹால் 52 மில்லி. 2.8 சதவீதம் என்றால் 18 மில்லி சொச்சம். நான் வங்கிக் குமாஸ்தா. இந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங் என்பதில் ஆச்சரியமும் இல்லை. ஆனால் நாக்கு கணக்குப்பிள்ளையாக மாறியது தானாக நடந்த காரியமல்ல. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987-இல் கள்ளைத் தடை செய்தார்கள். 2003-இல் சில்லறைக் கடைகளும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இத்தனை காலமும் குடிக்கலாமா கூடாதா என்றே வாதாடினோம். குடிப்பது எப்படி இருக்கிறது என்று கேட்க யாருக்கும் அவகாசமில்லை. கேட்பதே ஒழுக்கக்கேடு என்றும் ஆயிற்று.

1987-இல் போனது மென்மையான பானம்; மிஞ்சியது உக்கிரமானது. கள்ளோடு ஒரு பாஷையும் போயிற்று. பனங்கள், தென்னங்கள், ஈச்சங்கள். விடியலில் இறக்கியது, அந்தியில் இறக்கியது. இனிப்பு இன்னும் விடாதது, புளிப்பு தட்டிவிட்டது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இறக்குகிறவரும் குடிக்கிறவரும் இந்தப் பேதங்களை ஒரே சொற்களில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் பனை இன்னும் நிற்கிறது. அந்தப் பேச்சு இல்லை. ‘தண்ணி’ என்று சொன்ன நண்பரின் நாக்குக்கு வயது 1987-க்குப் பிந்தியது. அது அவர் குற்றமல்ல. அதையே ரஸனை என்று அச்சேற்றினால் குற்றம்.

அடுத்து ‘கிரேப்ஃப்ரூட்’. நண்பர் ஆயுளில் ஒரு கிரேப்ஃப்ரூட்டைக் கையால் தொட்டதில்லை. அது பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பதினெட்டாம் நூற்றாண்டில் பார்படாஸ் தீவில் தெரியவந்த பழம். பம்பளிமாஸ் நம்முடைய பழக்கடைகளிலேயே கிடைக்கிறது. தாய் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, பிள்ளையின் விலாசத்தை லண்டனில் விசாரிக்கிற பைத்தியக்காரத்தனம் இது. மணம் மூக்குக்கு வருமுன்பே பெயர் புத்தகத்திலிருந்து வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மூக்கு வேலை செய்வதில்லை.

பானமே வெள்ளைக்காரனுடையது, சொல்லும் அவனுடையதாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். பேல் ஏல் பெயர் வாங்கியதே இந்தியாவை வைத்துத்தான். லண்டனை ஒட்டிய போவில் ஹாட்ஜ்ஸன் காய்ச்சியதும், 1820-களில் பர்ட்டன் நகரத்தில் ஆல்ஸாப் போட்டிக்குக் காய்ச்சியதும் கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று கப்பல் ஏறின. அதிகாரிகளின் மேஜைக்கு வெளிறிய ஏல், சிப்பாய்களுக்குக் கறுத்த போர்ட்டர் என்று அதிலும் வருணாசிரமம். மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிருந்த பரங்கிமலை தாம்பரத்திலிருந்து எத்தனை ஸ்டேஷன்? இன்னும் பின்னால் போனால், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியை ஆறவைத்து, இடித்த முளையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிற முறை சொல்லப்பட்டிருக்கிறது. முளைத்த தானியத்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்கவைப்பதுதான் ஏலுக்கும் அடிப்படை. உடனே ‘பீர் கண்டவன் தமிழன்’ என்று கொடி தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டாம். தேறல், நறவு, பிழி, தோப்பி என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களின் வாரிசுகள் ‘சரக்கு’ என்ற ஒரு சொல்லோடு நிற்கிறோம் என்பதற்காகச் சொன்னேன். இது பெருமைப்படுகிற விஷயமில்லை.

கடைசியாக மார்க். அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பீர் நடுவர் திட்டம் ஒன்று உண்டு. மொத்தம் 50 மார்க்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. அந்தக் கடைசி 10-ஐப் பாருங்கள். கூறுபோட்டவர்களுக்கே கூறுபோட்டபின் ஏதோ மிஞ்சுகிறது என்று தெரிந்திருக்கிறது. தவிர, அவர்கள் மார்க்குக்குப் பக்கத்தில் காரணமும் எழுதுகிறார்கள். நம்மவர்கள் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள். எண்ணோடு எனக்கு விரோதமில்லை. வங்கியில் கடன் கேட்டு வருகிறவருக்கு 300-லிருந்து 900 வரை ஒரு எண் இருக்கிறது. ஆளைத் தெரிந்துகொள்ளாமலே கடன் கொடுக்கலாம் என்பது அதன் சௌகரியம். விமர்சகனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஆளைத் தெரிந்துகொள்வதுதான் அவன் உத்தியோகம்.

சரி, நீ என்ன கண்டாய் என்பீர்கள். ஆல்கஹால் போதையோடு நிற்பதில்லை. வாயில் கனத்தையும் லேசான இனிப்பையும் தருகிறது. மணத்தைச் சுமந்து வருகிறது. அதைக் குறைத்தால் ஹாப் பூவின் கசப்பு அம்மணமாக நிற்கும். ஆகவே மென்மையான ஏல் காய்ச்சுகிறவன் மால்ட்டை ஊறவைக்கும் நீரைச் சற்று அதிகச் சூட்டில், 70 டிகிரியை ஒட்டி வைப்பதுண்டு. ஈஸ்ட்டினால் தின்னமுடியாத டெக்ஸ்ட்ரின் அப்போது மிஞ்சும். பானத்துக்கு உடம்பு வரும். எங்கள் டின்னைத் திறந்ததும் நார்த்தை இலையைக் கசக்கிய வாசனை. முதல் மடக்கில் நார்த்தங்காய்த் தோலுக்கு உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையின் கசப்பு, சுத்தமாக. இரண்டாவது மடக்கில் நடுவே ஒரு பள்ளம்: மூக்குக்குச் சொன்னதை வாய்க்குச் சொல்ல வரவில்லை. பத்து நிமிஷம் மாடிப் புழுக்கத்தில் வைத்தபின் பொட்டுக்கடலை வாசனை மேலே வந்து பள்ளம் பாதி தூர்ந்தது. ஐஸில் புதைத்து வைத்து அதன் நல்ல குணத்தை நாங்களே அமுக்கியிருந்தோம். முடிவில் ஒரு வறட்சி, அடுத்த மடக்கைக் கேட்கிற வறட்சி. நல்ல பானம், பெரிய பானமல்ல. உடம்பு கொடுக்க எடுத்த பிரயாசை தெரிகிறது. உடம்பு முழுதாக வரவில்லை.

இதோடு யாரும் சண்டைக்கு வரலாம். அது நார்த்தை இல்லை கிடாரங்காய் என்று ஒருவர் மறுக்கலாம். பள்ளம் பானத்திலில்லை உன் நாக்கில் என்று இன்னொருவர் சொல்லலாம். மூன்றே முக்காலோடு எப்படிச் சண்டை போடுவது?

இதெல்லாம் பீரைப் பற்றிய பேச்சு என்று நினைக்கிறவர்கள் நம் வருஷக்கடைசிப் பட்டியல்களைப் பார்க்கவும். பட்டியல் போட்டதற்காகக் க.நா.சு. வாங்கிய வசவு கொஞ்சமல்ல. ஆனால் அவர் பட்டியலுக்குப் பின்னால் ஓர் ஆயுள்காலப் படிப்பு இருந்தது. 1959-இல் ‘எழுத்து’ ஆரம்பித்த செல்லப்பா, அலசிக் காட்டாமல் அபிப்பிராயம் சொல்லாதே என்று மல்லுக்கு நின்றார். நாம் ஒருவரிடமிருந்து படிப்பை விட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டோம். மற்றவரிடமிருந்து அலசலை விட்டுக் கோபத்தை எடுத்துக்கொண்டோம். உரக்கக் கத்துகிற கவிதைக்கு ‘உக்கிரம்’ என்று பட்டம். தணிந்த குரலில், இரண்டாவது வாசிப்பில் மட்டும் திறக்கிற கவிதைக்குத் ‘தண்ணி’ என்று தீர்ப்பு. இரண்டுக்கும் காரணம் கேட்டால் கிடைப்பது ஒரு வரிசை எண்.

இனி யாராவது ஒரு தொகுப்பைப் பற்றிப் ‘போதை தரும் வரிகள்’ என்று எழுதினால், எத்தனை சதவீதம் என்று கடிதம் போட்டுக் கேட்கப்போகிறேன்.