தண்ணீர்மலையில் தண்ணீரைக் காட்டுங்கள்

ஜெலுத்தோங் என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். காட்டில் ஓங்கி வளரும் அந்த மரத்தின் பாலில் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். இன்று அந்தப் பெயர் தாங்கிய பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் கடைவீடுகளும் அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலையும்தான். காடு பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர்மலைப் பக்கம் போக வேண்டும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. பந்தலுக்குப் பந்தல் தாகம் தணித்து, 513 படி ஏறி, 2012-இல் எழுந்த மலைக்கோயிலில் பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டு இறங்குகிறார்கள். அவர்களில் மலைக்குப் பெயர் தந்த அருவியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் உருவான தாவரவியல் பூங்காவுக்கு மேலே, காட்டுக்குள் அந்த அருவி பாறை பாறையாக இறங்குகிறது. குடிநீர் நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. காரணம் நியாயமானது. ஜார்ஜ்டவுன் இந்த ஓடையைக் குடித்து வளர்ந்த ஊர். 1800களின் தொடக்கத்திலேயே செங்கல் வாய்க்கால் கட்டி மலைநீரை நகருக்கு இறக்கினார்கள். 1892-இல் அருவிக்கடியில் நீர்த்தேக்கமும் வந்தது. இன்று பினாங்குக்குப் பெரும்பகுதி நீர் சுங்கை மூடாவிலிருந்து வந்தாலும், மலை ஓடைகளைக் காக்கத்தான் வேண்டும்.

காவல் இருக்கட்டும், பார்க்கவும் வழி செய்யுங்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை, இருபது பேர், உடன் ஒரு வழிகாட்டி. குளியல் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. திறந்துவிட்டால் குப்பை சேரும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் ஆளை எண்ணி, பெயர் எழுதி அழைத்துப் போகும் குழுவில் யார் எதைப் போட்டாலும் தெரிந்துவிடும்.

மழை நாளில் நடையை ரத்து செய்யும் அதிகாரம் வழிகாட்டிக்கு இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 18 அன்று, எதிர்க்கரையில் கெடாவின் குனோங் ஜெராய் மலையிலிருந்து சீறி வந்த காட்டு வெள்ளம் யான் வட்டாரத்தில் ஆறு உயிர்களைப் பறித்தது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மழை கொட்டும். ‘கெப்பாலா ஆயர்’ எனும் திடீர் நீர்ப்பெருக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டு வருவதில்லை. நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், உடனே மேடேற வேண்டும் என்பதைப் பிள்ளைகள் ஓடைக்கரையில் நின்றே கற்க வேண்டும்.

அந்த வெள்ளத்துக்கு அடுத்த மாதமே யுனெஸ்கோ பினாங்கின் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. சுற்றி வாழும் மக்களுக்குக் காட்டைக் கற்றுத்தருவதும் அந்தத் தகுதியோடு வந்த கடமை. தீவின் தமிழ்ப்பள்ளி மாணவர்களை முதல் குழுவாக அழைத்துச் செல்லலாம். அடுத்த தைப்பூசத்தில் படியேறும்போது, அருவி எந்தப் பக்கம் என்று அந்தப் பிள்ளைகள் பாட்டிக்குக் கைகாட்டுவார்கள்.