மெலிந்த முகமும் மெலிந்த புத்தியும்

நமது நாட்டில் ஒருவன் பருத்திருந்தாலும் குற்றம், இளைத்தாலும் குற்றம். பருத்திருக்கும் வரையில் “பூசணிக்காய்”, “அரிசி மூட்டை” என்று பரிகாசம் செய்து வந்த அதே சொந்தக்காரர்கள், அவன் வைத்தியர் சொற்படி நடந்து முப்பது நாற்பது கிலோ எடையைக் குறைத்துக்கொண்டு ஒரு கலியாண வீட்டிற்குப் போவானேயானால், “ஐயோ, என்ன சீக்கு? முகமெல்லாம் விழுந்து விட்டதே!” என்று அழாக்குறையாக விசாரிக்கிறார்கள். ஒருவர் கண்ணேறு என்கிறார். மற்றொருவர் ஏழரைச் சனி என்கிறார். உப்பும் மிளகாயும் சுற்றிப்போட ஆளும் வந்து விடுகிறது. பெண்ணாயிருந்து விட்டாலோ கேட்க வேண்டியதே இல்லை. சர்க்கரை இறங்கிற்றா, இரத்த அழுத்தம் தணிந்ததா, முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்க ஒருவருமில்லை. கன்னம் ஒட்டிப் போயிற்றே என்பதுதான் ஊராரின் கவலை.

இந்தச் சங்கதி இப்போது முன்னிலும் அதிகமாகக் கிளம்பியிருப்பதற்குக் காரணம் உண்டு. இரைப்பையைச் சிறிதாக்கும் சஸ்திர சிகிச்சை பல வருஷங்களாக நடந்து வருவதோடு, இப்போது வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகளும் வந்து விட்டன. செமாகுளுடைடு என்னும் மருந்தினால் 68 வாரங்களில் சராசரி நூற்றுக்கு 15 பங்கு எடை குறைந்ததாக 2021-லும், டிர்ஸெபடைடு என்னும் மருந்தை உயர்ந்த அளவில் போட்டுக்கொண்டவர்களுக்கு 72 வாரங்களில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் குறைந்ததாக 2022-லும் பரிசோதனை முடிவுகள் வெளியாயின. மௌன்ஜாரோ, வெகோவி என்ற பெயர்களில் இவை 2025-ல் நமது நாட்டு மருந்துக் கடைக்கும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் இந்த மருந்துகளில் ஒன்றின் வியாபாரப் பெயரைக் கொண்டு “ஓஸெம்பிக் முகம்” என்று பட்டமே கட்டி விட்டார்கள்.

ஆனால் மருந்து முகத்தைத் தேடிப்போய்த் தின்பதில்லை. பட்டினியால் இளைத்தாலும், நடையால் இளைத்தாலும், கத்தியால் இளைத்தாலும், அதிகமாக இளைத்தவர் முகம் விழத்தான் செய்யும். முகத்தில் தோலுக்கடியில் கொழுப்பானது சிறு சிறு மெத்தைகளாக அறை அறையாய் அமைந்திருக்கிறது. உடம்பெல்லாம் கரையும்போது அந்த மெத்தைகளும் கரைகின்றன. நெற்றிப்பொட்டும் கன்னமும் குழிகின்றன. மூக்கோரத்துக் கோடு ஆழமாகிறது. தாடையோரமும் கழுத்தும் தொங்குகின்றன. பல வருஷம் விரிந்து கிடந்த தோலில், இழுத்தால் சுருங்கும் நார் தேய்ந்து போயிருக்கும். இருபது வயதுத் தோல் ஓரளவு சுருங்கிக் கொள்ளும். ஐம்பது வயதுத் தோல், அதிலும் வெயிலும் புகையிலையும் கண்ட தோல், அவ்வளவு சுருங்காது. பெரிய உறைக்குள் சிறிய தலையணையைப் போட்டால் உறை தொங்குகிறது. இதில் சனி பகவானுக்கு என்ன வேலை என்று கேட்கின்றோம்.

இங்கு ஒரு எச்சரிக்கை. எடையைக் குறைக்க யாதொரு முயற்சியும் செய்யாதவன் தானாக மெலிவானானால் அது வேறு சங்கதி. அது சர்க்கரை வியாதியாகவோ, காசநோயாகவோ, தைராய்டுக் கோளாறாகவோ, புற்று நோயாகவோ இருக்கலாம். அவனைக் குறிசொல்லுபவனிடம் அழைத்துப் போவது அவனைக் கொல்லுவதற்குச் சமானமாகும். அவன் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

நிற்க, விழுந்த முகத்தைச் சரிசெய்ய வழி உண்டா என்றால், உண்டு. முதலாவது, பொறுத்திருப்பது. எடை குறைந்து கொண்டிருக்கும்போதே முகத்தில் கை வைப்பது ஆறாத சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதாகும். ஊசி மருந்தை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு வருஷத்திற்குள் திரும்பப் பெற்றதாகவும் பரிசோதனை உண்டு. ஆதலால் எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்ற பிறகே மேற்கொண்டு யோசிக்க வேண்டும். அதுவரையில் பருப்பு, முட்டை, மீன் முதலிய புரத உணவும், தேகப் பயிற்சியும், வெயிலுக்கு மறைப்பும், புகையை விடுவதும் போதும்.

இரண்டாவது, நிரப்பும் ஊசி. ஹயலுரோனிக் அமிலம் என்னும் கூழைக் குழிந்த இடத்தில் ஏற்றினால் மேடாகும். சில மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரை நிற்கும். பிடிக்காவிட்டால் கரைக்கவும் மருந்து உண்டு. வேறு சில ஊசிகள் தோலிலேயே புது நாரை மெள்ள மெள்ள வளர்க்கும். ஆனால் ஊசி தவறி இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகுவதும், அபூர்வமாய்க் கண் பார்வையே போவதும் உண்டு. போடாக்ஸ் என்பது சதையின் அசைவைக் குறைத்துச் சுருக்கத்தைத் தணிப்பதேயன்றிப் பள்ளத்தை நிரப்பாது.

மூன்றாவது, தமது வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பை உறிஞ்சி முகத்தில் வைப்பது. இதில் ஒரு பகுதி கரைந்தே போகும். நான்காவது, தோலை மட்டுமன்றி அதற்கடியிலுள்ள படலத்தையும் இழுத்துக் கட்டி, மிஞ்சின தோலை வெட்டித் தைக்கும் சஸ்திர சிகிச்சை. அதிகமாகத் தொங்கும் முகத்திற்கும் கழுத்திற்கும் இதுவே சரியான பலன் தரும். ஆனால் காதோரம் தழும்பு உண்டு. உள்ளே இரத்தம் கட்டுவதுண்டு. முகத்தை அசைக்கும் நரம்பு பழுதாவதும் சிலருக்கு உண்டு. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர் அதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவே கூடாது. ஏனெனில் அந்த ஊசியால் வயிறு காலியாவது தாமதமாகி, மயக்கத்தில் உணவு மூச்சுக் குழாய்க்கு ஏறக்கூடும்.

தங்கப் பூச்சு, மூலிகை லேபம், பதினைந்து நாளில் பதினாறு வயது என்ற விளம்பரங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கரைந்த மெத்தையைத் தோலுக்கு மேலே தடவும் பூச்சு எப்படித் திரும்பக் கொண்டுவரும்? தாயத்து விற்றவனின் பேரனே இப்போது டப்பி விற்கிறான் என்பதுதான் வித்தியாசம். அழகுக் கடையில் ஊசி போடுகிறவர் யார், என்ன படித்தவர், ஊசி தவறினால் கரைக்கும் மருந்து கையில் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமல் முகத்தைக் கொடுப்பதே அறிவுக் குறைவாகும்.

“கடவுள் கொடுத்த முகத்தைத் திருத்தலாமா?” என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் கண்ணாடி போடுவதும், பல் கட்டுவதும், நரைக்கு மை பூசுவதும் எந்தக் கடவுளிடம் உத்தரவு பெற்றோ தெரியவில்லை. 1792 யுத்தத்தில் வெள்ளைக்காரர் பட்டாளத்து வண்டிக்காரரான கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தார். பூனாவுக்கருகில் ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு அவருக்குப் புது மூக்கு வைத்தார். அந்தச் செய்தியை 1794-ல் வெளியிட்ட லண்டன் “ஜென்டில்மேன்ஸ் மாகஸின்” பத்திரிகை, செய்தவர் செங்கல் செய்யும் ஜாதியார் என்று எழுதிற்று. அதைப் படித்துத்தான் இங்கிலாந்தில் கார்ப்யூ என்னும் டாக்டர் 1814-ல் அம்மாதிரி சிகிச்சை செய்தார். மண் மிதித்த கையின் வித்தை சீமைக்கே வாத்தியாராயிற்று. மூக்கறுபட்டவரை அது விதி என்று உட்காரச் சொல்லியிருந்தால் இந்த வித்தை ஏது?

மற்றொரு சாரார் இதெல்லாம் வெறும் மினுக்கு என்பார்கள். எச்.ஐ.வி. நோயில் கன்னம் ஒட்டிப்போய், அதைக் கொண்டே ஊரார் நோயை அடையாளம் கண்டுகொள்வதால் மனமுடைந்தவர்களுக்கு, முகத்தை நிரப்பும் ஊசிக்கு அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு 2010 முதல் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆதலால் முகத்தின் துயரம் சில சமயம் மெய்யான துயரமே என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் செய்துகொள்ளும் தீர்மானம் கண்ணாடி முன் நிற்பவருடையதாயிருக்க வேண்டுமேயல்லாமல், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருடையதாய் இருக்கக் கூடாது. ஊர் வாய்க்குப் பயந்து கடன் வாங்கிக் கத்திக்கு முகத்தைக் கொடுப்பதும், திருஷ்டிக்குப் பயந்து நல்ல மருந்தை நிறுத்துவதும் ஒரே அடிமைப் புத்தியின் இரண்டு வேஷங்களாகும். இதை வாசிக்கும் தோழர்கள், மெலிந்து வந்த ஒருவரை அடுத்த முறை காணும்போது முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “உடம்பு இப்போது சௌகரியமா?” என்று மாத்திரம் கேட்பார்களாக. அவர் முகம் சரியாக எத்தனை நாளானாலும் ஆகட்டும். நமது புத்தி சரியாக ஒரு நாள் போதும்.